கமா எஸ்ஸுக்கு முன்னால் நின்றது

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து ஆண்கள் வீடு திரும்பிக்கொண்டிருந்த நேரத்தில், கையில் ஒரு தாளோடு நான் மர்ழியா ராத்தாவின் வீட்டுக்குப் போனேன். சாய்ந்தமருதில் கடற்கரைக்குப் பக்கத்து ஒழுங்கைத் தெரு. மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கிற காலம். மணல் பறந்து பல்லில் நறநறத்தது. தாள் பறந்துவிடக் கூடாதென்று நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

ராத்தாவின் இரண்டு மகன்மாரும் ஒரே போட்டில் கடலுக்குப் போய் அன்றைக்கு நாற்பது நாளுக்கு மேலாகியிருந்தது.

என்னைக் கண்டதும் ராத்தா கதவடிக்கு வந்து நின்றார். மூத்த மகனின் மனைவி ரிஸ்மியா, மூன்று வயதுப் பெண்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவருக்குப் பின்னால் நின்றாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள்.

"பதில் வந்திரிக்கி ராத்தா," என்றேன்.

ஒரு தூதரகத்திலிருந்து வந்த மின்னஞ்சலின் அச்சுத்தாளை ஆங்கிலத்தில் ஒரு தரம் வாசித்தேன். இரண்டே வரி. பிறகு தமிழில் சொன்னேன்.

"போட் கிடைச்சிட்டாம். ஒங்கட மகன்மார் சுகமா இரிக்காங்களாம். ஊருக்கு அனுப்புறதுக்கு ஏற்பாடு செய்யிறாங்களாம்."

ராத்தா நின்ற இடத்திலேயே நெற்றி தரையில் பட சுஜூதில் விழுந்தார். வேலிக்கு அப்பால் ஒரு பெண் சத்தம் போட்டு அழத் தொடங்கினாள். ரிஸ்மியா மட்டும் அசையவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"ரெண்டு பேருமா டீச்சர்?"

"ஓம் மகள். ரெண்டு பேரும்தான்."

முதல் தடவை சொன்னதை வாய் தவறியது என்று யாராவது மன்னிக்கலாம். இரண்டாவது பதிலுக்கு அந்தச் சலுகை கிடையாது. தாளில் அப்படி எழுதியிருக்கவில்லை என்பது எனக்குத் தெரிந்திருந்தது.

ஒரு புள்ளி அளவு

இங்கிலீஷ் டீச்சராக நான் எழுதிவரும் இந்தப் பத்திரிகைத் தொடரில் பிள்ளைகளின் பிழைகளைப் பற்றி நிறைய எழுதிவிட்டேன். வாசித்தவர்கள் சிரித்ததாகக் கடிதங்களும் வந்தன. இது என்னுடைய பிழை. இதில் சிரிக்க ஒன்றும் இல்லை.

ஆங்கிலத்தில் ஒருவருடைய பொருள் என்று சொல்வதற்கு, பெயருக்குப் பின்னால் மேலே தொங்குகிற ஒரு கமாவும் எஸ் என்ற எழுத்தும் போடுவார்கள். மகன் ஒருவன் என்றால் son's. மகன்மார் பலர் என்றால் எஸ் முதலில் வந்துவிடும், கமா அதற்குப் பின்னால் போய் நிற்கும்: sons'. வித்தியாசம் அவ்வளவுதான். காதுக்கு இரண்டும் ஒன்றே. எத்தனை தரம் உரக்க வாசித்தாலும் ஒருவனா பலரா என்று கேட்கிறவருக்குத் தெரியாது. தாளைப் பார்க்கிற கண்ணுக்குத்தான் தெரியும்.

நாங்கள் தூதரகங்களுக்கு அனுப்பிய கடிதங்களின் தலைப்பில் sons' என்று இருந்தது. பதிலின் முதல் வரியில் அந்தத் தலைப்பை அப்படியே எடுத்துப் போட்டு, உங்கள் மகன்மாரின் போட் பற்றிய கடிதம் கிடைத்தது, போட் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது என்று எழுதியிருந்தார்கள். இரண்டாவது வரியில், உங்கள் மகனின் உடல்நிலை சீராக இருக்கிறது, அனுப்பிவைக்க ஏற்பாடுகள் நடக்கின்றன என்று இருந்தது. அங்கே கமா எஸ்ஸுக்கு முன்னால் நின்றது. பெயர் இல்லை. வேறு ஒரு விவரமும் இல்லை.

கல்முனையில் ஒரு கொமினிகேஷன் கடையில் அச்செடுக்கும்போதே அதைக் கண்டுவிட்டேன். கடை வாசலில் நின்று திரும்பத் திரும்பப் பார்த்தேன். பிறகு எனக்கு நானே சமாதானம் சொல்லத் தொடங்கினேன். எழுதினவர் ஆங்கிலத்தில் பிறந்து வளர்ந்தவரா என்ன? அலுவலகத்தில் இருந்து அவசரமாகத் தட்டிவிட்ட இரண்டு வரி. இந்தக் கமாவை யார் கவனிக்கிறார்கள்?

கல்முனைப் பிரதான வீதியில் ஒரு தரம் மேலே பார்த்துக்கொண்டு நடந்தால் தெரியும். ஒரு தையற்கடைப் பலகையில் Ladies என்ற சொல்லை நடுவில் வெட்டிக் கமா வைத்திருக்கிறார்கள். ஒரு புடவைக்கடையில் ஆண்கள் உடுப்பு என்பதற்குக் கமாவே கிடையாது. ஒரு பேக்கரிக்காரர், கேக்குகள் விற்கப்படும் என்பதற்கும் ஒன்றைத் தொங்க விட்டிருக்கிறார். பஸ்ஸில் போகும்போது இவற்றையெல்லாம் மனதுக்குள் திருத்திக்கொண்டு போவது என் நெடுநாள் வியாதி.

ஊர் முழுக்கப் பிழை. அந்த அலுவலகத்திலும் பிழை இருக்கலாம்தானே என்று நினைத்துக்கொண்டுதான் கல்முனையிலிருந்து சாய்ந்தமருதுக்கு ஓட்டோ ஏறினேன்.

ஒரு பழைய பயிற்சி

இந்தக் கமா என்னை முதன்முதலாகச் சங்கடப்படுத்தியது அந்த நாளில் அல்ல. சுனாமியில் கடல் ஊருக்குள் வந்துபோன வருடத்துக்கு அடுத்த வருடம், தகரக் கொட்டகையில் வகுப்பு நடந்தது. எனக்கு அப்போது சேவையில் சில வருடங்கள்தான். பாடப்புத்தகத்தில் இருந்த பயிற்சியை யோசிக்காமல் அப்படியே கொடுத்தேன். உங்களுக்கு எத்தனை சகோதரிகள்? ஒருவர் என்றால் sister's, பலர் என்றால் sisters' என்று போட்டு அவர்களுடைய பொருட்களைப் பற்றி ஐந்து வசனம் எழுதுங்கள்.

வகுப்பில் பாதிப் பேர் பென்சிலைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தார்கள். ஏன் எழுதவில்லை என்று அதட்டினேன். முன்வரிசையில் இருந்த ஒரு பிள்ளை எழுந்து நின்றாள்.

"டீச்சர், இருந்த ஆக்களையும் எண்ணுறதா? இரிக்கிற ஆக்கள மட்டுமா?"

வெயிலில் தகரம் படபடவென்று வெடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. கரும்பலகையைத் துடைத்துவிட்டு, விலங்குகளின் பெயரைக் கொண்டு வேறு பயிற்சி எழுதிப் போட்டேன். பசுவின் வால், பூனைகளின் பால். பிள்ளைகள் உடனே எழுதத் தொடங்கிவிட்டார்கள்.

கெட்டதைச் சொல்ல வேண்டிய இடத்தில் பேச்சை மாற்றிவிட்டு நகர்வது எனக்கு அன்றிலிருந்தே வசதியாகிவிட்டது என்று இப்போது நினைக்கிறேன்.

பதினொரு கடிதம்

மர்ழியா ராத்தாவை எனக்கு முன்பு முகப்பழக்கம் மட்டும்தான். கணவர் மௌத்தாகிப் பல வருடம். காலையில் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்து இரண்டு மகன்மாரையும் தனியாளாக வளர்த்தவர். மூத்தவர் நிஸ்பர் கலியாணம் முடித்து, எங்கள் பக்கத்து வழக்கப்படி ரிஸ்மியாவின் வீட்டோடு போயிருந்தார். இரண்டு ஒழுங்கை தள்ளித்தான் அந்த வீடு. என்னிடம் படித்த இளையவன் அஸ்மிர் தாயோடு இருந்தான்.

மகன்மார் காணாமல் போய் ஒரு கிழமை கழித்து ராத்தா என் வீட்டுக்கு வந்தார். இங்கே உள்ள அலுவலகங்களுக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது, கச்சானில் அகப்பட்ட போட் கிழக்கே வேறு நாடுகளின் பக்கம் போய்விடும் என்று கடலுக்குப் போகிறவர்கள் சொல்கிறார்கள், அந்த நாடுகளின் தூதரகங்களுக்கு இங்கிலீஷில் எழுத வேண்டும் என்றார். நான் எழுதி, தட்டச்சு செய்து மின்னஞ்சலில் அனுப்புகிறேன் என்றேன்.

"டைப் அடிச்சா ஆரோ எழுதின மாதிரிக் கிடக்கும் டீச்சர். நீங்க எழுதித் தாங்க, நான் பாத்து எண்ட கையால எழுதுறன். தாய் எழுதினதெண்டு அவங்களுக்கு வெளங்கட்டும்."

ஏழாம் வகுப்பு வரை படித்தவர். இங்கிலீஷ் எழுத்துகள் தெரியும். எண்பது பக்கக் கொப்பி ஒன்றை வாங்கி வந்து முதலில் அதில் எழுதிப் பழகுவார். பிறகு வெள்ளைத் தாளில் எழுதுவார். நான் அதைப் படம்பிடித்து என் மின்னஞ்சலில் அனுப்புவேன்.

முதல் கடிதத்தில் கமாவை விட்டுவிட்டார். சிவப்புப் பேனையால் வட்டம் போட்டேன்.

"இது என்னத்துக்கு டீச்சர் மேல தொங்குது?"

சொல்லிக் கொடுத்தேன். நாங்கள் வீட்டில் கதைக்கும்போது மகன்ட போட், மகன்மார்ர போட் என்று சொல்கிறோமே, அந்த ட, அந்த ர செய்கிற வேலையைத்தான் இது செய்கிறது என்றேன். அவருக்கு உடனே விளங்கியது. ஆனால் வேறொரு சந்தேகம் வந்தது.

"போட் முதலாளிடதானே. எண்ட மகன்மார்ர எண்டு எழுதினா பொய்யாகாதா?"

"புள்ளட பள்ளிக்கூடம் எண்டு சொல்றமே ராத்தா. பள்ளிக்கூடம் புள்ளக்கிச் சொந்தமா?"

யோசித்துவிட்டுத் தலையாட்டினார். பிறகு மூத்தவரின் பிள்ளையைப் பற்றி ஒரு வசனம் சேர்க்கும்போது, பல பிள்ளைகள் என்றால் வருகிற children என்ற சொல் ஏற்கெனவே பன்மை, அந்த மாதிரிச் சொல்லுக்கு மட்டும் கமா திரும்ப எஸ்ஸுக்கு முன்னால் வந்துவிடும் என்றேன். "இவங்கட சட்டமும் ஆளுக்கு ஆள் மாறுது போல," என்றார். அந்த நாட்களில் அவர் சிரித்ததை நான் கண்டது அந்த ஒரு தரம்தான்.

பதினொரு கடிதம் எழுதினார். இரண்டாவதற்குப் பிறகு ஒரு கமாவும் பிழையாகவில்லை. எல்லாவற்றிலும் sons' என்று, எஸ்ஸுக்குப் பின்னால், ஊன்றி அழுத்தி வைப்பார். சில இடங்களில் பேனை தாளைத் துளைத்துவிடும்.

மூன்று நாள்

அந்த வெள்ளிக்கிழமைக்குத் திரும்புகிறேன்.

தாளை ராத்தாவின் கையில் கொடுத்துவிட்டு நான் புறப்பட முன்பே ஒழுங்கை முழுக்கச் செய்தி போய்விட்டது. யாரோ பெட்டியோடு தொதல் இனிப்புக் கொண்டுவந்தார்கள். எனக்கும் ஒரு துண்டு கையில் வைத்தார்கள். அதை வாயில் போட்டேன். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அஸர் தொழுகைக்கு முன்னரே அந்தத் தூதரகத்துக்கு மின்னஞ்சல் எழுதினேன். நீங்கள் சொல்வது ஒருவரையா, இருவரையுமா? தயவுசெய்து பெயரை அறியத்தாருங்கள். அனுப்பிய பிறகுதான் எனக்கு உறைத்தது. நம்பியிருந்தால் நான் ஏன் கேட்கப் போகிறேன்?

சனியும் ஞாயிறும் அலுவலகங்கள் பூட்டு. இரண்டு நாளும் அந்த ஒழுங்கைப் பக்கம் போகவில்லை. என் கணவர், "என்ன, மொகமெல்லாம் வாடிக் கிடக்கு, நல்ல செய்திதானே வந்திரிக்கி," என்றார். தலையிடி என்று சொல்லிவிட்டேன்.

திங்கட்கிழமை காலை, முற்றம் கூட்டிக்கொண்டிருக்கும்போது ராத்தா வந்தார். தனியாக வந்தார். கையில் அந்தத் தாளும் அவருடைய கொப்பியும். அடுப்படிக் குசினிக்குள் வந்து வாங்கில் உட்கார்ந்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்தார்.

"ஒண்டு கேக்கணும் டீச்சர். கோவிக்கப்படாது."

"கேளுங்க ராத்தா."

"நான் எழுதின எல்லாத்துலயும் இந்தக் கமா எஸ்ஸுக்குப் பொறவுதானே நிண்டது?"

"ஓம்."

"அவங்கட மொத வரியிலயும் பொறவுதான் நிக்கிது. ரெண்டாவது வரியில மட்டும் என்னத்துக்கு முன்னால வந்து நிக்கிது?"

அவருடைய விரல் அந்த இடத்தில் இருந்தது. இடியப்ப உரல் பிடித்துத் தடித்த விரல். நகத்தின் கீழே அந்தக் கமா தெரிந்தது.

"அவங்க பிழையா அடிச்சிருப்பாங்க. நெறையப் பேர் இத கவனிக்கிறல்ல ராத்தா."

"பிழையெண்டா நீங்க அண்டைக்கே சிவப்புல வட்டம் போட்டிருப்பீங்க. எண்ட கொப்பியில ஒண்டையும் விட்டதில்லியே நீங்க."

நான் தாளை என் பக்கம் இழுத்தேன். அவர் விரலை எடுக்கவில்லை.

"வெள்ளிக்கிழமையே கண்டீங்களா?"

"கண்டன் ராத்தா."

அவர் ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அவர் கொப்பியை மெல்ல மூடினார்.

"எந்த மகன் டீச்சர்?"

"தெரியா ராத்தா. அல்லாஹ் மேல ஆணை, தெரியா. பேரக் கேட்டு எழுதியிரிக்கன்."

"எப்ப எழுதின?"

"வெள்ளி பின்னேரம்."

"எங்கக்கிட்ட ரெண்டு பேரெண்டு சொல்லிட்டுப் போய், அவங்கக்கிட்ட ஒருத்தனா எண்டு கேட்டிரிக்கீங்க."

மூடிய கொப்பியைத் தாளின் மேல் வைத்துக்கொண்டு அவரே சொன்னார்.

"ரிஸ்மியா நேத்து நிஸ்பர்ர சேட்டெல்லாம் தோய்ச்சிக் காயப்போட்டிருக்கா. ஒரு கயிறு முழுக்க. அவளுக்கு இப்ப சொல்ல வேணா. பேர் வரட்டும்."

பெயர் வரும் வரை

ராத்தா அன்று முழுக்க என் குசினியிலேயே இருந்தார். வீட்டுக்குப் போனால் அயலவர்கள் வந்து சந்தோஷம் கதைப்பார்கள், அதைக் கேட்டுக்கொண்டு இருக்க ஏலாது என்றார். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். ஆறி ஆடை கட்டிப் போனது.

லுஹர் தொழுதார். தொழுது முடித்துக் கையேந்தியவர், பாதியில் கையை இறக்கி முசல்லா விரிப்பின் மேல் வைத்துக்கொண்டார்.

"ஆருக்கெண்டு துஆ கேக்கிற டீச்சர்? ஒருத்தன் வேணுமெண்டு கேட்டா மத்தவன் வேணாமெண்டு கேட்ட மாதிரியில்லியா?"

நான் அவருக்குப் பக்கத்தில் தரையில் இருந்தேன். இருபத்திரண்டு வருடம் படிப்பித்தவள். மடிந்திருந்த முசல்லாவின் ஓரத்தை நீவிவிட்டுக்கொண்டிருந்தேன்.

மின்னஞ்சல் பின்னேரம் மூன்று மணி போல வந்தது. தொலைபேசி மேசையில் அதிர்ந்தபோது இருவரும் ஒரே நேரத்தில் பார்த்தோம். நான் எடுக்கக் கை நீட்டினேன். ராத்தா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"நீங்க வாசிக்க வேணா. தாங்க, நான் பாக்கிறன்."

கொடுத்தேன். பதினொரு கடிதத்தில் இரண்டு மகன்மாரின் பெயரையும் எழுதிப் பழகியவர் அவர். மற்றச் சொற்கள் விளங்காவிட்டாலும் அந்த இரண்டு பெயரும் எங்கே இருந்தாலும் கண்டுபிடிப்பார். விரல் ஒவ்வொரு சொல்லாக நகர்ந்தது. முதல் வரியில் A என்ற எழுத்தில் தொடங்குகிற பெயரில் நின்றது. அஸ்மிர். மருத்துவமனையில் இருக்கிறார். பிறகு இரண்டாவது வரியில் N என்ற எழுத்தில் தொடங்குகிற பெயரில் நின்றது. அந்தப் பெயருக்குப் பக்கத்தில் இருந்த சொற்களைக் காட்டி, "இது என்ன?" என்றார்.

"மீட்க முன்னயே மௌத்தாகிட்டாராம்," என்றேன். இம்முறை எழுதியிருந்ததை எழுதியிருந்தபடி சொன்னேன்.

அல்ஹம்துலில்லாஹ் என்றார். அதே மூச்சில் இன்னாலில்லாஹி என்றார். இரண்டையும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டே என் குசினிச் சுவரில் சாய்ந்தார். நன்றிக்கு ஒன்று, மரணத்துக்கு ஒன்று; எதற்கு எந்தச் சொல் என்று பிரிக்க அவரால் முடியவில்லை.

பிறகு எழுந்து முக்காட்டைச் சரிசெய்தார். ரிஸ்மியாவின் வீட்டுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அவர்தான் சொன்னார். நான் வாசலுக்கு உள்ளே போகவில்லை. ரிஸ்மியா மாமியின் முகத்தைப் பார்க்கவே இல்லை. அவருடைய தோளுக்கு மேலால் என்னை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றாள். முற்றத்துக் கயிற்றில் சேட்டுகள் காற்றில் கை வீசிக்கொண்டிருந்தன. யாரோ ஒரு பெண் ஓடிப்போய் அவற்றை ஒவ்வொன்றாக எடுக்கத் தொடங்கினாள்.

அஸ்மிர் சொன்னது

அஸ்மிர் சில கிழமைகள் கழித்து வந்தான். கன்னம் ஒட்டி, தோல் உரிந்து, நான் படிப்பித்த பையனா என்று சந்தேகப்படும்படி இருந்தான். ராத்தா வீட்டில் வைத்து ஒரு தரம்தான் அதைப் பற்றிக் கதைத்தான். பிறகு யார் கேட்டாலும் எழுந்து போய்விடுவான்.

"எஞ்சின் மூணாம் நாளே நிண்டிட்டு டீச்சர். காத்து இழுத்துக்கொண்டே போயிட்டு. மழ பேஞ்சா டின்னுல பிடிப்பம். நிஸ்பர் காக்கா, நான் குடிச்சிட்டன் குடிச்சிட்டன் எண்டு சொல்லி எனக்குத் தந்திருக்கார். எனக்கு அது பொறவுதான் தெரியும்."

இருபது நாளுக்கு மேல் அப்படிப் போனதாம். ஒரு காலை நிஸ்பர் கண் விழிக்கவில்லை.

"கடல் தண்ணியாலயே குளிப்பாட்டினன். தொழுவிக்க ஆரிரிக்கா? கடல்ல இறக்க முன்ன ஒத்தையாளா நிண்டு ஜனாஸாத் தொழுகை தொழுதன். போட் ஆடின ஆட்டத்துல நிக்க ஏலாம எஞ்சின் பெட்டியப் பிடிச்சிக்கொண்டுதான் தொழுதன். கிப்லா எந்தப் பக்கமெண்டும் வடிவாத் தெரியா."

அதன் பிறகு ஆறு நாள் தனியாக இருந்தானாம். ஒரு கப்பல் கண்டு ஏற்றி, வெளிநாட்டு மருத்துவமனை ஒன்றில் சேர்த்தது. அங்கே அவனுக்கு வாய் பேச வரவில்லை. சட்டைப்பையில் அடையாள அட்டையும் இல்லை. போட்டின் இலக்கத்தை வைத்துத்தான் எங்கள் கடிதத்தோடு பொருத்திப் பார்த்திருக்கிறார்கள். பெயர் இல்லாமல் அந்த இரண்டு வரி வந்ததற்குக் காரணம் அதுதான். பேச்சு வந்த பிறகுதான் பெயரையும் நிஸ்பருக்கு நடந்ததையும் சொல்லியிருக்கிறான். அந்த அலுவலகத்தில் யாரோ ஒருவர், தெரிந்ததை மட்டும், ஒரு கமா அளவுக்குக்கூடக் கூட்டாமல் எழுதியிருக்கிறார்.

ராத்தா அவர்களுக்கு நன்றிக் கடிதம் எழுதினார். என்னிடம் கேட்காமல், பழைய கடிதங்களைப் பார்த்துச் சொற்களைப் பொறுக்கித் தானே எழுதிக்கொண்டு வந்து, அனுப்பச் சொல்லி நீட்டினார். என் மகனின் உயிரைக் காப்பாற்றியதற்கு நன்றி. son's என்று கமாவைச் சரியான இடத்தில் வைத்திருந்தார். அந்தச் சொல் மட்டும் மற்றவற்றைவிட மெலிதாக இருந்தது. எனக்குத் திருத்த ஒன்றும் இருக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் கொப்பியோடு என் வீட்டுக்கு வரவில்லை.

மாரியில் ஒரு நாள்

ரிஸ்மியா கணவனுக்காக வீட்டோடு இத்தா இருந்த நான்கு மாதம் பத்து நாளும் நான் அவளைப் போய்ப் பார்க்கவில்லை. ஊரில் எல்லாப் பெண்களும் போனார்கள். எனக்குத் தைரியம் வரவில்லை.

இத்தா முடிந்து, மாரி தொடங்கி, வீதியெல்லாம் வெள்ளம் நின்ற ஒரு பின்னேரம் அவளே என் வீட்டுக்கு வந்தாள். குடையை வாசலில் மடித்து வைத்துவிட்டு உள்ளே வந்தாள். கணவரின் மரணத்தைப் பதிவதற்கு, அஸ்மிரை மீட்டதைப் பற்றி அந்த நாட்டு மருத்துவமனையும் கப்பலும் கொடுக்கிற பத்திரம் வேண்டுமாம். அதைக் கேட்டு இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதித் தர வேண்டுமென்றாள். குரலில் கோபம் இல்லை. கடைக்குச் சாமான் வாங்க வந்தவள் போலக் கேட்டாள்.

எழுதிக் கொடுத்தேன். இரண்டு தாள் பழுதானது. அவள் கடிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு எழும்பினாள்.

"ரிஸ்மியா," என்றேன். "அண்டைக்கி நான்..."

"தெரியும் டீச்சர். மாமி சொன்னா."

"தெரிஞ்சிக்கொண்டுதான் சொன்னன். ஒண்ட மொகத்தப் பாத்துக்கொண்டு எனக்குச் சொல்ல ஏலாமப் போயிட்டு. என்ன மன்னிச்சுக்கொள் மகள்."

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு மழையைப் பார்த்தாள்.

"அந்த மூண்டு நாளும் நான் நல்லா நித்திர கொண்டன் டீச்சர். அதுக்கு முன்னயும் இல்ல, பொறவும் இல்ல. அந்த மூண்டு நாளும் எனக்கு அவர் இருந்தார். அத நான் ஆருக்கும் குடுக்க மாட்டன்."

அவள் கையைப் பிடிக்கப் போனேன். அவள் ஒரு அடி பின்னால் வைத்தாள்.

"ஆனா நீங்க எங்கட வீட்டுப் பக்கம் வராதீங்க. ரோட்டுல கண்டாலும் கிட்ட வந்து கதைக்க வேணா. அண்டைக்கி நீங்க வந்திட்டுப் போன பொறவு நான் மகளத் தூக்கி வெச்சிக்கொண்டு, வாப்பா வாறார், டீச்சர் சொல்லிட்டுப் போறா எண்டு மூண்டு நாளும் சொல்லிக் குடுத்திட்டன். அவளுக்கு அது மட்டும் மறக்குதில்ல. ஒங்களத் தூரத்துல கண்டாலும், டீச்சர் வாறா, வாப்பா வந்திட்டாரா எண்டு கேக்கிறா. இண்டைக்கி அதுக்காகத்தான் அவள உம்மாட்ட விட்டுட்டு வந்தன்."

குடையை விரித்துக்கொண்டு வெள்ளத்துக்குள் இறங்கிப் போனாள்.

போன மாதம் கல்முனைச் சந்தையில் அவர்கள் இருவரையும் எதிரே கண்டேன். பிள்ளை வளர்ந்திருக்கிறாள். தாயின் விரலைப் பிடித்துக்கொண்டு, நடைபாதையில் அடுக்கியிருந்த பிளாஸ்டிக் வாளிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு வந்தாள். இன்னும் என்னைக் காணவில்லை. நான் பக்கத்தில் இருந்த செருப்புக் கடைக்குள் நுழைந்து, வீதிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். கடைக்காரர் என்ன வேண்டுமென்று கேட்டார். சும்மா பார்க்கிறேன் என்றேன். அவர்கள் கடந்து போயிருப்பார்கள் என்று தோன்றிய பிறகும் நான் திரும்பவில்லை.